என்.பி.ஏ. டிரேடு: எதிர் நாற்காலியிலிருந்து யோசிப்பது எப்படி

2007 மே மாதத்தில், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஆடும் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரசிகர்களுக்குத் தலைநிமிர ஒரு காரணமும் இல்லை. 82 ஆட்டங்களில் 24 வெற்றி, 58 தோல்வி. இவ்வளவு தோற்றதற்குப் பலனாக, புதிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் (அதிகம் தோற்ற அணிகளுக்கு முன்னிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்) முதல் இரண்டு இடங்களில் ஒன்றாவது கிடைக்கும், கிரெக் ஓடனோ கெவின் டுராண்டோ வந்து சேருவார் என்று காத்திருந்தார்கள். குலுக்கலில் ஐந்தாம் இடம்தான் விழுந்தது. ஓராண்டு கழித்து, 2008 ஜூனில், அதே அணி 66 வெற்றிகளோடு வந்து, இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸை 4-2 என்று சாய்த்துச் சாம்பியன் ஆனது. பயிற்சியாளர்கூட மாறவில்லை, அதே டாக் ரிவர்ஸ்தான். ஐந்து வாரத்துக்குள் செய்த இரண்டு டிரேடுகள், அதாவது ஆட்டக்காரர் பரிமாற்றங்கள், அணியின் தலையெழுத்தை மாற்றியிருந்தன.

முதலாவது, டிராஃப்ட் நடந்த இரவில். அந்த ஐந்தாம் இடத் தேர்வோடு டெலான்ட்டே வெஸ்ட், வாலி செர்பியாக் இருவரையும் சியாட்டிலுக்குக் கொடுத்து ரே ஆலனை வாங்கினார்கள். இரண்டாவது, ஜூலை 31 அன்று. ஆல் ஜெஃபர்சன் உள்ளிட்ட ஐந்து ஆட்டக்காரர்கள், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், இத்தனையும் மின்னசோட்டாவுக்குப் போக, கெவின் கார்னெட் பாஸ்டனுக்கு வந்தார். 1998 முதல் பாஸ்டனில் இருந்த பால் பியர்ஸோடு இந்த இருவரும் சேர்ந்ததும் மற்ற அணிகளின் கதை முடிந்தது.

பார்ப்பதற்கு எளிது. "நம்ம டீமும் இப்படிப் பண்ணலாமே" என்று ஒவ்வொரு ரசிகருக்கும் தோன்றும். தோன்றியதை எழுதவும் செய்கிறார்கள்: இவரைக் கொடு, அவரை வாங்கு, கோப்பை நமக்கே. அப்படி எழுதப்படும் யோசனைகள் பெரும்பாலும் எங்கே இடறுகின்றன, நல்ல யோசனைக்கு என்ன வேண்டும் என்பதை, என்.பி.ஏ.வுக்குப் புதியவர்களை மனதில் வைத்து விளக்கிப் பார்க்கிறேன்.

கால்பந்தில் ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குப் பணத்தைக் கொடுத்து ஆட்டக்காரரை வாங்கிவிடும். என்.பி.ஏ.வில் அப்படி வாங்க முடியாது. ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்கு டிராஃப்ட் உரிமை, அல்லது இரண்டும் கலந்து. பணமும் கொஞ்சம் கைமாறலாம், ஆனால் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று சிறிய உச்சவரம்பு உண்டு. ஆட்டக்காரரின் ஒப்பந்தம் சம்பளத்தோடும் மீதமுள்ள ஆண்டுகளோடும் அப்படியே புதிய அணிக்குப் போய்விடும். அவரைக் கேட்கவேண்டிய அவசியம்கூடப் பெரும்பாலும் இல்லை. ஐ.பி.எல்.லில் 2025 நவம்பரில் ஜடேஜா சென்னையிலிருந்து ராஜஸ்தானுக்குப் போனபோது அவர் சம்மதித்துத்தான் போனார். 18 கோடியாக இருந்த சம்பளமும் 14 கோடியாகக் குறைந்தது. என்.பி.ஏ.வில் காலையில் பயிற்சிக்கு வந்தவர் மாலையில் வேறு ஊர் அணிக்காரர் ஆகிவிடலாம். "என் அனுமதி இல்லாமல் டிரேடு செய்யக் கூடாது" என்ற உரிமையை ஒப்பந்தத்திலேயே வாங்கி வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

அவர்கள் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

என்னைக் கேட்டால் ஒரு டிரேடு யோசனையில் முதலில் எழுதவேண்டிய வரி இதற்கான பதில்தான். நமக்கு என்ன கிடைக்கிறது என்பது யாருக்கும் தெரியும். எதிர் நாற்காலியில் இருக்கும் ஜெனரல் மேனேஜர் தொலைபேசியை வைக்காமல் ஏன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

2007-க்கே திரும்புவோம். சியாட்டில் அணிக்கு அப்போது புதிய முதலாளிகள் வந்திருந்தார்கள். இரண்டாம் இடத் தேர்வில் டுராண்ட் என்ற 18 வயதுப் பையனை எடுத்திருந்தார்கள். அவன் வளர்ந்து அணியைத் தாங்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். 31 வயது ரே ஆலன் அதற்குள் ஓய்ந்துவிடுவார். அவர்களுக்கு இன்னொரு இளைஞன் வேண்டியிருந்தது. ஐந்தாம் தேர்வில் வந்த ஜெஃப் கிரீன் அப்படிப் போனவர்தான். மின்னசோட்டா தொடர்ந்து மூன்று சீசன் பிளேஆஃபைத் தொடவில்லை. கார்னெட்டுக்கும் வயது 31, சம்பளமோ லீகின் உச்சத்தில். ஆல் ஜெஃபர்சனுக்கு 22 வயது, ஆட்டத்துக்குப் பதினாறு புள்ளி, பதினொரு ரீபவுண்டு எடுத்துக்கொண்டிருந்தார். புதிதாகத் தொடங்க நினைக்கும் அணிக்கு அவர் நல்ல அஸ்திவாரம். இரண்டு பேரத்திலும் எதிர்த்தரப்புக்குக் காரணம் இருந்தது.

வரிசையும் முக்கியம். ஜூன் மாதம் முதலில் பேச்சு வந்தபோது கார்னெட்டுக்குப் பாஸ்டன் போவதில் விருப்பம் இல்லை. ரே ஆலன் வந்த பிறகு மனம் மாறியது. அதாவது முதல் டிரேடுதான் இரண்டாவதற்குக் கதவைத் திறந்தது. யோசனை எழுதுபவர்கள் பெரிய மீனை முதலில் பிடிக்கத் துடிப்பார்கள். அப்போது பாஸ்டனின் பேரங்களை நடத்திய டேனி எய்ஞ்ச் சின்ன மீனை முதலில் பிடித்தார்.

ரசிகர் யோசனைகளில் மிகப் பழைய நோய், எண்ணிக்கையால் தரத்தை வாங்கப் பார்ப்பது. "எங்களிடம் மூன்று நல்ல ஆட்டக்காரர்கள், உங்களிடம் ஒரு நட்சத்திரம், கூட்டிப் பார்த்தால் சரிதானே?" நூறு ரூபாய் நோட்டுக்கு ஐந்து இருபது ரூபாய் கடையில் செல்லும். கூடைப்பந்தில் செல்லாது, ஏனென்றால் களத்தில் ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான். நட்சத்திரம் 38 நிமிடம் ஆடுவார். அவர் போன இடத்தில் மூன்று சுமாரானவர்களை ஒரே நேரத்தில் நிறுத்த முடியாது. அணியில் முழு ஒப்பந்த இடங்களும் 15தான். மூவர் உள்ளே வந்தால் இருவரை வெளியே அனுப்ப வேண்டும். அதனால்தான் "டிரேடில் யாருக்குச் சிறந்த ஆட்டக்காரர் கிடைத்தாரோ அவர்தான் ஜெயித்தார்" என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். எப்போதும் உண்மையல்ல, ஆனால் தொடக்கநிலையில் கைகொடுக்கும்.

இதையெல்லாம் மீறுகிற டிரேடும் நடக்கும். 2025 பிப்ரவரி தொடக்கத்தில் டல்லாஸ் அணி 25 வயது லூக்கா டோன்சிச்சை லேக்கர்ஸுக்கு அனுப்பியது. எட்டு மாதம் முன்புதான் அவர் அந்த அணியை இறுதிச் சுற்றுக்கு அழைத்துப் போயிருந்தார். பதிலுக்குக் கிடைத்தவை ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-க்கான ஒரு முதல் சுற்றுத் தேர்வு. இதையே ஒரு ரசிகர் எழுதியிருந்தால் கேலி செய்தே துரத்தியிருப்பார்கள். அந்த முடிவை எடுத்த நிக்கோ ஹாரிசனின் வேலை அதே ஆண்டு நவம்பரில் போனது. விதிவிலக்கை நம்பி யோசனை எழுதக் கூடாது.

பணக்கணக்கு

இந்தப் பகுதி கொஞ்சம் வறட்சியானது. ஆனாலும் தாண்ட முடியாது.

ஒவ்வொரு சீசனுக்கும் லீக் ஒரு சம்பள வரம்பு அறிவிக்கும். 2025-26 சீசனுக்கு அது 15.46 கோடி டாலர். இது கறாரான கூரை அல்ல. தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆட்டக்காரரைத் தக்கவைக்க அணி இதைத் தாண்டலாம். பழைய பாஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரில் அதற்கு ஒரு விதிவிலக்கே இருக்கிறது. அதனால் கோப்பைக்குப் போட்டியிடும் அணிகள் ஏறக்குறைய எல்லாமே வரம்புக்கு மேலேதான் இருக்கும். மேலே போகப் போக மூன்று கோடுகள் வரும். 18.79 கோடியைத் தாண்டினால் லக்சுரி டாக்ஸ், அதாவது லீகுக்குக் கட்டும் அபராத வரி. 19.59 கோடியில் முதல் ஏப்ரன். 20.78 கோடியில் இரண்டாம் ஏப்ரன். 2023-ல் வந்த புதிய தொழிலாளர் ஒப்பந்தம் இந்தக் கடைசிக் கோட்டை வேண்டுமென்றே முள்வேலியாக்கியது.

வரம்புக்கு மேலே இருக்கும் அணி டிரேடு செய்தால், அனுப்பும் சம்பளமும் பெறும் சம்பளமும் கிட்டத்தட்டப் பொருந்த வேண்டும். முதல் ஏப்ரனுக்குக் கீழே இருந்தால் கொஞ்சம் தளர்வு உண்டு. பெரிய சம்பளங்களில் அனுப்புவதைவிடச் சுமார் கால்பங்கு கூடுதலாகப் பெறலாம். முதல் ஏப்ரனுக்கு மேலே ஒரு டாலர்கூடக் கூடுதலாகப் பெற முடியாது. இரண்டாம் ஏப்ரனுக்கு மேலே போனால் இருவரின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்கும் வழியே அடைபட்டுவிடும். டிரேடில் பணமும் சேர்க்க முடியாது. ஏழு ஆண்டு தள்ளியிருக்கும் முதல் சுற்றுத் தேர்வும் முடக்கப்படும்.

இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்கிறது. ஆட்டத்தில் சுமாராக இருந்தாலும் நடுத்தரச் சம்பளம் வாங்குபவர் டிரேடில் பெரிய சொத்து. கார்னெட்டுக்காகப் போன ஐவரில் ஒருவர் தியோ ராட்லிஃப். முந்தைய சீசனில் முதுகுவலியால் இரண்டே ஆட்டங்கள் ஆடியவர். அவருடைய ஒப்பந்தம் ஒரு கோடி டாலருக்கு மேல், அதுவும் கடைசி ஆண்டில் இருந்தது. மின்னசோட்டாவுக்கு அவருடைய ஆட்டம் தேவைப்படவில்லை. கணக்கைச் சமன் செய்து, ஓராண்டில் காலாவதியாகி, இடத்தைக் காலி செய்யும் அந்த ஒப்பந்தம்தான் தேவைப்பட்டது. இதைவிட வேடிக்கை 2008 பிப்ரவரியில் நடந்தது. ஜேசன் கிட்டை வாங்க டல்லாஸுக்குச் சம்பளம் போதவில்லை. 2006-க்குப் பிறகு பந்தையே தொடாத கீத் வான் ஹார்னைத் தேடிப்பிடித்து, 40 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டு, அவரையும் சேர்த்து நியூ ஜெர்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நிமிடம்கூட ஆடாமல் சம்பளத்தை வாங்கிக்கொண்டார். யோகக்காரர்.

இந்தக் கூட்டல் கழித்தலை நாமே போடவேண்டியதில்லை. ஈ.எஸ்.பி.என். தளத்தில் டிரேடு மெஷின் என்ற கருவி பல ஆண்டுகளாக இருக்கிறது. பெயர்களைப் போட்டால் பேரம் விதிப்படி செல்லுமா என்று சொல்லிவிடும். செல்லும் என்று அது சொன்னதை வைத்து "நடக்கும்" என்று முடிவுகட்டுபவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. விதிக்கு உட்பட்டது என்பது வேறு, மறுபக்கம் கையெழுத்துப் போடுவது வேறு.

நாளைய உரிமையை இன்று விற்பது

முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுதான் டிரேடுகளின் செலாவணி. எதிர்காலத்தில் ஏழு ஆண்டு வரையிலான தேர்வுகளைக் கொடுக்கலாம். ஆனால் அடுத்தடுத்த இரண்டு எதிர்கால ஆண்டுகளுக்கு முதல் சுற்றுத் தேர்வே இல்லாத நிலைக்கு அணி தன்னைத் தள்ளிக்கொள்ளக் கூடாது. இதற்கு ஸ்டெப்பியன் விதி என்று பெயர். 1980-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து கவலியர்ஸின் முதலாளியாக இருந்த டெட் ஸ்டெப்பியன் தேர்வுகளைத் தாராளமாக வாரிவிட்டார். அவரைப் போன்றவர்களிடமிருந்து அணிகளைக் காப்பாற்ற லீகே தலையிட வேண்டியதாயிற்று. அவர் பெயர் இப்படியாவது நிலைத்துவிட்டது.

தேர்வைப் பாதுகாப்போடும் கொடுக்கலாம். 2018-ல் டொராண்டோ சான் அன்டோனியோவுக்குக் கொடுத்த 2019 தேர்வுக்கு "முதல் 20 இடங்களுக்குள் விழுந்தால் எங்களுக்கே" என்ற நிபந்தனை இருந்தது. அது 29-ஆம் இடத்தில் விழுந்து கைமாறியது. இன்னொன்று ஸ்வாப்: தேர்வையே கொடுக்காமல், "அந்த ஆண்டில் நம் இருவரின் தேர்வில் எது மேலோ அதை நீ எடுத்துக்கொள்" என்று உரிமை தருவது. கேட்பதற்குச் சாதுவாக இருக்கும். எவ்வளவு கடிக்கும் என்று ப்ரூக்ளினைக் கேட்டால் சொல்வார்கள்.

2013-ல் ப்ரூக்ளின் நெட்ஸ் உடனே கோப்பை வேண்டும் என்று அவசரப்பட்டது. பாஸ்டனின் அதே கார்னெட், அதே பியர்ஸ், கூடவே ஜேசன் டெர்ரி ஆகியோரை வாங்கியது. கார்னெட்டுக்கு 37 வயது, பியர்ஸுக்கு 35. பதிலுக்குப் பாஸ்டனுக்குப் போனவற்றில் 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளும் 2017-க்கான ஸ்வாப் உரிமையும் அடக்கம். பாதுகாப்பு எதுவும் இல்லை. நெட்ஸ் அந்த சீசனில் ஒரே ஒரு பிளேஆஃப் தொடரை வென்றது. பியர்ஸ் ஓராண்டில் கிளம்பினார், கார்னெட் இரண்டாம் சீசனின் பாதியில். அணி சரிந்தது. சரியும்போதெல்லாம் தேர்வின் மதிப்பு உயரும். உயர்ந்த மதிப்பெல்லாம் பாஸ்டனுக்குப் போனது. 2016-ல் மூன்றாம் இடம் விழுந்தது, பாஸ்டன் ஜேலன் பிரவுனை எடுத்தது. 2016-17 சீசனில் நெட்ஸ் 20 வெற்றிகளோடு லீகிலேயே கடைசி. பாஸ்டன் 53 வெற்றிகளோடு கிழக்குப் பிரிவில் முதலிடம். ஸ்வாப் உரிமையால், கிழக்கில் முதலிடம் பிடித்த அணிக்கே டிராஃப்டின் முதல் தேர்வும் கிடைத்தது! பாஸ்டன் அதையும் அப்படியே பயன்படுத்தவில்லை. பிலடெல்பியாவுக்கு முதல் இடத்தைக் கொடுத்து, மூன்றாம் இடத்தையும் இன்னொரு எதிர்காலத் தேர்வையும் வாங்கி, மூன்றாம் இடத்தில் ஜேசன் டேட்டத்தை எடுத்தது. பிலடெல்பியா எடுத்த மார்கெல் ஃபுல்ட்ஸ் தோள்பட்டைப் பிரச்சினையால் அங்கே நிலைக்கவே இல்லை.

பிரவுன், டேட்டம் இருவரும்தான் 2024-ல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்தார்கள். கார்னெட்டை 2007-ல் வாங்கிக் கோப்பை, அவரையே 2013-ல் விற்று இன்னொரு கோப்பைக்கு விதை. ஒரே ஆட்டக்காரரை வைத்து இரண்டு முறை அறுவடை செய்த அணி வேறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2023 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் அதே அவசரத்தில் டுராண்டை வாங்கியது. மிக்கேல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்றுத் தேர்வுகள், ஒரு ஸ்வாப் போயின. சில மாதங்களில் பிராட்லி பீலும் வந்தார், ஒப்பந்தத்தில் டிரேடு மறுக்கும் உரிமையோடு. பெயர்களைப் படித்தால் பயமாக இருக்கும். 2024-ல் முதல் சுற்றிலேயே மின்னசோட்டாவிடம் 4-0. அடுத்த சீசனில் 36 வெற்றி, பிளேஆஃபே இல்லை. 2025 கோடையில் டுராண்டை ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது பதிலுக்கு வந்தவற்றில் ஒன்று அந்த ஆண்டின் பத்தாம் இடத் தேர்வு. அது ஃபீனிக்ஸின் சொந்தத் தேர்வு. டுராண்டை வாங்கக் கொடுத்தது கைமாறிக் கைமாறித் திரும்பி வந்திருந்தது.

எந்த ஓட்டையை அடைக்கிறோம்?

பெரிய பெயர்களைவிட, தெரிந்த ஓட்டை ஒன்றை அடைக்கும் டிரேடுகளையே நான் அதிகம் ரசிப்பேன். டென்வரிடம் நிகோலா யோகிச், ஜமால் மர்ரே இருவரும் டிராஃப்டில் வந்து வளர்ந்தவர்கள். யோகிச் பந்தைப் பிடித்தால் பாஸ் எங்கிருந்தும் வரும். ஆனால் எதிரணியில் பக்கவாட்டில் ஆடும் பெரிய ஆட்டக்காரர்களைக் (விங்) காவல் காக்க ஆள் இல்லை. 2021 மார்ச்சில் ஆர்லாண்டோவிலிருந்து ஏரன் கார்டனை வாங்கினார்கள். கேரி ஹாரிஸ், ஆர்.ஜே. ஹாம்ப்டன், ஒரு முதல் சுற்றுத் தேர்வு விலை. ஆர்லாண்டோவில் கார்டன் நட்சத்திரமாக முயன்று பாதி வழியில் நின்றவர். டென்வரில் அவரிடம் கேட்டதெல்லாம் காவல், கூடைக்கு அடியில் வெட்டிப் புகுதல், யோகிச் பாஸைப் பிடித்துப் போடுதல். 2022-ல் வாஷிங்டனிலிருந்து கென்டேவியஸ் கால்ட்வெல்-போப். 2023-ல் கோப்பை.

ஒக்லஹோமா சிட்டியின் கதையில் இரண்டு வகையும் இருக்கின்றன. 2019-ல் கவாய் லெனர்ட் தங்களிடம் வரவேண்டுமானால் ஒக்லஹோமாவிடம் இருந்த பால் ஜார்ஜும் வேண்டும் என்ற நெருக்கடியில் கிளிப்பர்ஸ் இருந்தது. எதிராளி அவசரத்தில் இருந்தால் விலையை நீ நிர்ணயிக்கலாம். ஒக்லஹோமாவின் ஜெனரல் மேனேஜர் சாம் பிரெஸ்டி நிர்ணயித்தார்: ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகள், இரண்டு ஸ்வாப், டானிலோ கல்லினாரி, கூடவே ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற 20 வயதுப் பையன். அந்தத் தேர்வுகளில் ஒன்று 2022-ல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. பிறகு 2024-ல் தேர்வு எதுவும் சேர்க்காமல் ஜாஷ் கிடியைக் கொடுத்து அலெக்ஸ் கரூசோவை வாங்கினார். தனியாக எடைபோட்டால் 21 வயது கிடிக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் எதிரணிகள் அவரை எட்டத்திலிருந்து சுடவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருந்தன. கரூசோவோ லீகின் சிறந்த காவல்காரர்களில் ஒருவர். 2025-ல் ஒக்லஹோமா சிட்டி தண்டர் 68 வெற்றிகளோடு சாம்பியன். ஷே லீகின் எம்.வி.பி. (மிகச் சிறந்த ஆட்டக்காரர்), இறுதிச் சுற்றுக்கும் அவரே.

டொராண்டோவை விட்டுவிட்டால் ஸ்கார்பரோவில் இருக்கும் நம்மவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2018 ஜூலையில், அப்போது டொராண்டோ அணியை நடத்திய மசாய் உஜிரி, ஒன்பது சீசன் ஆடி ஊரின் செல்லமாகிவிட்ட டிமார் டெரோசனைக் கொடுத்துக் கவாய் லெனர்டை வாங்கினார். கவாய் முந்தைய சீசனில் காயத்தால் ஒன்பது ஆட்டங்களே ஆடியவர், ஓராண்டில் விட்டுப் போகலாம் என்ற நிலையில் இருந்தவர். போகவும் செய்தார். ஆனால் போவதற்கு முன், பிலடெல்பியாவுக்கு எதிராக வளையத்தில் நான்கு முறை துள்ளி விழுந்த அந்தக் கடைசி நொடிப் பந்தும், 2019 கோப்பையும் ஊருக்குக் கிடைத்தன. ஓராண்டு வாடகைக்கு வாங்குவது எப்போது சரி? கவாய் இல்லாமலே பலமுறை பிளேஆஃப் போய் ஒரே இடத்தில் முட்டி நின்ற அணி அது. கடைசிப் படி மட்டும் பாக்கி. அடித்தளமே இல்லாத அணி இதைச் செய்தால் வாடகையும் போகும், வீடும் போகும்.

ஒரு யோசனையை எழுதிப் பார்ப்போம்

இத்தனையும் ஒரே பேரத்தில் பார்க்க 2023 கோடைக்குப் போய், பாஸ்டனில் அப்போது பேரங்களை நடத்திய பிராட் ஸ்டீவன்ஸின் நாற்காலியில் உட்காருவோம். டேட்டம், பிரவுன் இருக்கிறார்கள். மயாமியிடம் கிழக்குப் பிரிவு இறுதியின் ஏழாம் ஆட்டத்தை, அதுவும் சொந்த அரங்கில், தோற்றிருக்கிறோம். கூடைக்கு அருகிலும் எட்டத்திலும் அடிக்கத் தெரிந்த உயரமானவர் வேண்டும். வாஷிங்டன் அணியைக் கலைத்துக்கொண்டிருக்கிறது. கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் கிடைப்பார். மால்கம் ப்ராக்டனைக் கொடுத்து முடிக்கப் பார்த்த முதல் ஏற்பாடு, அவருடைய உடல்நிலை பற்றிய தயக்கத்தால் முறிந்தது. சில மணி நேரத்தில் மெம்ஃபிஸை உள்ளே இழுத்து, மார்கஸ் ஸ்மார்ட்டை அங்கே அனுப்பி, போர்சிங்கிஸோடு இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் வாங்கியாயிற்று. அவற்றில் ஒன்று கோல்டன் ஸ்டேட்டின் 2024 தேர்வு. அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் கடைசியில் மில்வாக்கி, டேமியன் லில்லார்டை வாங்குவதற்காக ஜூரூ ஹாலிடேவைப் போர்ட்லாண்டுக்கு அனுப்புகிறது. போர்ட்லாண்டில் இருப்பவர்களெல்லாம் சின்னப் பையன்கள், அதிலும் ஸ்கூட் ஹென்டர்சன், ஆன்ஃபர்னி சைமன்ஸ் போன்ற கார்டுகளே (பந்தைக் கொண்டுசெல்லும் பின்கள ஆட்டக்காரர்கள்) நிறைய. 33 வயதுக் காவல் நிபுணர் அவர்களுக்கு எதற்கு? விற்கத்தான் போகிறார்கள். ஸ்மார்ட் போன இடம் நம்மிடம் காலியாக இருக்கிறது.

இப்போது கணக்கு. ஹாலிடேவின் சம்பளம் ஏறக்குறைய 3.7 கோடி டாலர். ப்ராக்டன் 2.25 கோடி, ராபர்ட் வில்லியம்ஸ் சுமார் 1.16 கோடி, இருவரும் சேர்ந்து 3.4 கோடி. புதிய விதிகள் முழுதாக அமலாகாத அந்த ஓராண்டில், ஏப்ரனுக்கு மேலிருந்த அணிகளுக்கும் பத்து சதவீதத் தளர்வு இருந்தது. பொருந்துகிறது. போர்ட்லாண்டுக்கு ஆசை காட்ட, 25 வயது சென்டரான வில்லியம்ஸ் ஏற்கெனவே பேரத்தில் இருக்கிறார். அதன் மேல் கோல்டன் ஸ்டேட்டின் அந்தத் தேர்வு, பாஸ்டனின் சொந்த 2029 தேர்வு. அக்டோபர் 1 அன்று முடிந்தது. எதிர்த்தரப்புக்குக் காரணம் இருக்கிறது, சம்பளம் பொருந்துகிறது, நம் ஓட்டை அடைபடுகிறது, டேட்டமும் பிரவுனும் தொடப்படவில்லை. 64 வெற்றி, இறுதிச் சுற்றில் டல்லாஸ் மேல் 4-1.

கூலியும் பிறகு வந்தது. 2025-26 சீசனுக்கு அணியின் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தொடும் என்று கணக்குப் போட்டார்கள். 2025 மே மாதம் டேட்டத்தின் குதிகால் தசைநார் வேறு அறுந்தது. அந்தக் கோடையில் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும், ஹாலிடே மறுபடி போர்ட்லாண்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். போர்ட்லாண்டிலிருந்து வந்தவர் அதே சைமன்ஸ். இந்த முறை பாஸ்டனுக்குத் தேவைப்பட்டது, ஓராண்டில் முடியும் அவருடைய ஒப்பந்தம்.

எழுதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நாள்காட்டி பற்றி ஒரு குறிப்பு. கோடையில் புதிதாக ஒப்பந்தம் போட்டவர்களில் பெரும்பாலானோரை டிசம்பர் 15 வரை டிரேடு செய்ய முடியாது. டிரேடு காலக்கெடு பிப்ரவரி தொடக்கத்தில் வரும். 2025-ல் பிப்ரவரி 6. அதற்குப் பிறகு அணியின் சீசன் முடியும் வரை கடை மூடியிருக்கும். ஆகவே டிசம்பர் நடுவில் ஒவ்வோர் அணியின் வெற்றி தோல்விப் பட்டியலையும், அதில் யார் கைவிடும் மனநிலைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.